யானையா, வேலியா?

ராமகுப்பம் பக்கம் இரவுக் காவல் என்றால் அது யானைக் காவல். ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் சித்தூர் மாவட்டத்து மூலை அது. கௌண்டின்ய வனவிலங்கு சரணாலயத்தின் காடு அங்கே ஊர்களை ஒட்டியே கிடக்கிறது. 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட யானைகளுக்கு ராகியும் கரும்பும் பிடித்துப்போயிற்று. பயிர் முற்றும் மாதங்களில் விவசாயிகள் பரண் மேல் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். அமாவாசை இருட்டில் யானையைப் பார்க்க முடியாது. அதன் உடம்பும் இருட்டும் ஒரே நிறம். ஆனால் தூரத்தில் மோட்டார் கொட்டகையில் எரியும் குண்டு பல்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பல்பு சட்டென்று மறைந்து, நாலைந்து நொடி கழித்து மறுபடி தெரிந்தால் நடுவில் ஏதோ கடந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். மின்வெட்டாக இருக்காதா? மின்வெட்டு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது என்பது அவர்கள் அனுபவம்.

இந்தச் சூட்சுமத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோனவர் ஓர் ஆசிரியர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனாலும் ஊருக்கு அவர் இன்னும் 'சைன்ஸ் சார்'. பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். தாய்வழி உறவெல்லாம் வாணியம்பாடியில். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கணக்குப் போடும்போது முணுமுணுப்பது எந்த மொழி என்று அவருக்கே தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு சூரியக் குடும்பம் நடத்தும்போதெல்லாம் அவர் மோட்டார் கொட்டகை பல்பில்தான் ஆரம்பிப்பார். அங்கிருந்து தென்கிழக்கே கையை நீட்டுவார். அந்தத் திசையில், மலைகளுக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது.

காவலூரின் கதை ராமகுப்பத்தில் இப்படித்தான் சொல்லப்பட்டு வந்தது: "யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் நம் பக்கத்து மலைக்காரர்கள். அமெரிக்காக்காரன் இல்லை." பன்னிரண்டு வருடம் அவர் இதை மாற்றமில்லாமல் சொன்னார். பையன்களும் மாற்றமில்லாமல் எழுதினார்கள்.

1994-ல் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியூரில் நடந்த வினாடி வினாப் போட்டியில் அவருடைய மாணவன் ஒருவன் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டான். யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேள்வி. பையன் எழுந்து நின்று, "காவலூர்" என்றான். அமைப்பாளர்கள் கையிலிருந்த தாளில் ஜேம்ஸ் எலியட் என்று இருந்தது. ஒரு மதிப்பெண்ணில் பரிசு போயிற்று. ஓர் ஆங்கில அகராதி, நூறு ரூபாய் ரொக்கம். பையன் அழவில்லை. சைன்ஸ் சார்தான் மேடைக்குக் கீழே நின்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை போட்டார். ஆதாரத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆதாரம் தேடி பெங்களூருக்கு பஸ் ஏறினார்.

1977-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி இரவு, சரியாகச் சொன்னால் இந்திய நேரப்படி 11-ம் தேதி அதிகாலை, நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். துலாம் ராசியில் மங்கலான ஒரு நட்சத்திரம் உண்டு. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டியல் எண் மட்டும்தான்: எஸ்.ஏ.ஓ. 158687. வெறும் கண்ணுக்குத் தெரியாது. யுரேனஸ் நகரும் பாதையில் அன்று இந்த நட்சத்திரம் குறுக்கிடும், கிரகம் அதைச் சிறிது நேரம் மறைக்கும் என்று பிரிட்டனின் கார்டன் டெய்லர் 1973-லேயே கணித்திருந்தார். இப்படிப்பட்ட மறைப்புகள் வானியலாளர்களுக்குப் பண்டிகை மாதிரி. நட்சத்திரம் எத்தனை நேரம் மறைகிறது என்பதிலிருந்து கிரகத்தின் விட்டம் கிடைக்கும். ஒளி எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதிலிருந்து அதன் காற்று மண்டலத்தைப் பற்றித் தெரியும். யுரேனஸ் அப்போது ஏறத்தாழ 270 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்துச் சமாச்சாரத்தை அறிய அன்று இதைவிட நல்ல வழி இல்லை.

காவலூருக்கு இந்தக் கலை புதிதல்ல. வேணு பாப்பு என்ற வானியல் மேதை தேடிப் பிடித்த மலை அது. 1968-ல் 38 சென்டி மீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜீனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த அதே ஆண்டில் வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கே பதிவு செய்தார்கள். எனவே 1977-ல் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் தொலைநோக்கியை யுரேனஸ் பக்கம் திருப்பியபோது, எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களாகத்தான் இருந்தார்கள்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. கிரகத்தின் நிழல் கணக்கிட்டதைவிடத் தெற்கே தள்ளி விழுந்தது. காவலூரிலிருந்து பார்த்தபோது யுரேனஸ் நட்சத்திரத்தை மறைக்காமலே கடந்தது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, மறைக்க அங்கே எதுவும் இல்லாத நேரத்தில், நட்சத்திரத்தின் ஒளி சில வினாடிகள் விழுந்து எழுந்தது. மேகமா, கருவிக் கோளாறா என்ற சந்தேகங்களைத் தாண்டி, ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது என்று அவர்கள் நிச்சயத்துக்கு வந்தார்கள். ராமகுப்பத்துப் பரணில் இருப்பவர் என்ன சொல்வாரோ அதையே அவர்களும் சொன்னார்கள். 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட குறிப்பின் தலைப்பு: யுரேனஸின் புதிய துணைக்கோள்.

பெங்களூர் நூலகம் ஒன்றில், தடித்த பைண்டுத் தொகுதியில் சைன்ஸ் சார் படித்தது இந்தத் தலைப்பைத்தான். அவர் தேடிவந்த 'வளையம்' என்ற சொல் அதில் இல்லை. நிலா என்று இருந்தது.

அதே இரவில் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் மேல் பன்னிரண்டு கிலோ மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. சரக்கு விமானத்தை மாற்றி, 91 சென்டி மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி, கைப்பர் வானாய்வுக் கூடம் என்று நாசா பெயர் வைத்திருந்தது. அதில் ஜேம்ஸ் எலியட்டும் அவருடைய சகாக்களும் இருந்தார்கள். நிழல் தெற்கே விழுந்தால் மலை நகராது, விமானம் நகரும். இன்னொரு விஷயத்திலும் எலியட் ஜாக்கிரதைக்காரர். கணிப்பில் பிழை இருக்கலாம் என்று, கிரகம் மறைப்பதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன்பே பதிவைத் தொடங்கிவிட்டார். அந்த நாற்பது நிமிடத்துக்குள் நட்சத்திரம் ஐந்து முறை கண் சிமிட்டியது. பிறகு கிரகம் மறைத்தது. விலகியது. மறுபக்கத்தில் இன்னும் ஐந்து சிமிட்டல்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எலியட் குழுவுக்கும் முதலில் தோன்றியது சின்னச் சின்ன நிலாக்களின் எண்ணம்தான். வளையம் என்றால் சனிக்குத்தான் என்பது 300 ஆண்டுப் பழக்கம். 1610-ல் கலீலியோ சனியின் இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்பினார். அதை வளையம் என்று ஹைகன்ஸ் சொல்ல ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. சனியின் வளையமோ பரந்து விரிந்த தட்டு. ஒரு வினாடி மட்டும் நட்சத்திரத்தை மறைக்கும் நூல் மாதிரியான வளையத்தை யாரும் கற்பனை செய்திருக்கவில்லை. எலியட்டைக் காப்பாற்றியது மறுபக்கம். இந்தப் பக்கத்துச் சிமிட்டல்களின் தூரத்தை அந்தப் பக்கத்துச் சிமிட்டல்களின் தூரத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. நிலாக்கள் இப்படி ஜோடி ஜோடியாக, கிரகத்திலிருந்து அளந்து வைத்த மாதிரி இரு பக்கமும் நிற்காது.

ஊருக்குத் திரும்பிய சைன்ஸ் சாருக்கு இரண்டு வாரம் வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்க மனம் வரவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். "பார்த்தாங்கதானே? அப்புறம் என்ன உங்களுக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார். பார்த்தது நிஜம். பெயர் தப்பு. பன்னிரண்டு வருடமாகத் தான் சொல்லி வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது என்பதுதான் அவருடைய சங்கடம். அதற்காக ஒரு பையன் மேடையில் தோற்றிருக்கிறான்.

கடைசியில் பல்புக் கதையையே நீட்டினார். "பரணில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மறைப்பு, ஒரு யானை. சரி. ராத்திரி பஸ்ஸில் போகிறாய். தூரத்து விளக்கு ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். நடுவில் ஒரு தோட்டம், அதற்குள் ஒரு வீடு. தோட்டத்தைச் சுற்றி ஐந்து வரிசை வேலி. விளக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பையன்கள் யோசித்துச் சொன்னார்கள்: ஐந்து முறை சிமிட்டும், வீடு வந்ததும் முழுசாக மறையும், பிறகு அதே ஐந்து சிமிட்டல் தலைகீழ் வரிசையில். "அந்த பஸ் விமானம். காவலூர் பஸ் போன பாதையில் வீடே குறுக்கே வரவில்லை. வேலியின் ஒரு கம்பம்தான் பளிச்சென்று பட்டது. அவர்கள் யானை என்றார்கள். நான் உங்களுக்கு அவர்கள் வேலி என்று சொன்னதாகச் சொல்லிவிட்டேன்." பிறகு அந்தப் பையனைப் பார்த்து, வினாடி வினாக்காரர்கள் போட்ட மதிப்பெண் சரி என்றார். பையன் "பரவாயில்லை சார்" என்றான். மூன்றாம் வரிசையிலிருந்து அவன் அதைச் சொன்ன தோரணை இன்றுவரை அவருக்கு மறக்கவில்லை.

காவலூர் தரப்பில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. பட்டாச்சார்யாவும் வேணு பாப்புவும் அந்த இரவின் பதிவைத் திரும்ப எடுத்து அலசினார்கள். 1977 முடிவதற்குள் 'நேச்சர்' இதழில் இரண்டாவது கட்டுரை வந்தது. இம்முறை தலைப்பிலேயே, யுரேனஸைச் சுற்றிச் சனியினுடையதைப் போன்ற வளைய அமைப்பு என்று இருந்தது. தங்கள் சொல்லைத் தாங்களே திருத்திக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. ஆனால் அதற்குள் உலகம் எலியட்டின் ஐந்து மெல்லிய வளையங்களை ஏற்றுக்கொண்டிருந்தது. சனியைப் போன்ற அகன்ற அமைப்பு என்ற கருத்து நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த், சீனாவின் பீகிங், நம் நைனிடால் என்று பல இடத்துப் பதிவுகளும் சேர்ந்து, 1978-க்குள் எண்ணிக்கை ஒன்பது ஆயிற்று. ஒரு குழு கிரேக்க எழுத்து வைத்தது, இன்னொரு குழு எண் வைத்தது. சமரசம் செய்துகொள்ள யாருக்கும் நேரமில்லாததால் இன்றுவரை யுரேனஸின் வளையங்கள் 4, 5, 6, ஆல்பா, பீட்டா என்று கலந்துகட்டித்தான் அழைக்கப்படுகின்றன.

இத்தனைக்கும் ஒருவர்கூட அருகில் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப்போன கலம் அதே 1977-ல் ஆகஸ்ட் 20-ம் தேதி, அந்த இரவுக்கு ஐந்து மாதம் கழித்துப் புறப்பட்டது. வாயேஜர்-2. வியாழனையும் சனியையும் பார்த்துவிட்டு யுரேனஸை அடைந்தபோது 1986 ஜனவரி 24.

சைன்ஸ் சாரின் பழைய டிரங்குப் பெட்டியில் அந்த மாதத்து தினசரி நறுக்குகள் இன்னும் இருக்கின்றன. ஜனவரி 6-ம் தேதி காவலூரில் இந்தியாவிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். 1982-ல் மறைந்த வேணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்த பதினெட்டாம் நாள் வாயேஜர். அடுத்த நான்காம் நாள், 28-ம் தேதி, சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது வினாடியில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். பத்திரிகைகளில் யுரேனஸ் உள்பக்கத்துக்குப் போயிற்று. பிறகு காணாமலே போயிற்று.

அது நியாயமான இடமாற்றம்தான். ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட விதத்தை அறியாமல் விட்டது பெரிய நஷ்டம். யுரேனஸில் சூரிய வெளிச்சம் பூமியில் இருப்பதில் சுமார் 370-ல் ஒரு பங்கு. அந்த வெளிச்சத்தில் எடுக்கவேண்டிய பொருளோ கரியைப் போலக் கறுப்பு. வளையங்களின் மேல் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தால் அதிகம். மங்கல் வெளிச்சத்தில் கறுப்புப் பொருளைப் பிடிக்க கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் வேகமாகப் பறக்கும் கலம் நகர்ந்துவிடும், படம் இழுபட்டுவிடும். ஓடும் பஸ்ஸைப் படம் பிடிப்பவர் தானும் கூடவே கழுத்தைத் திருப்புவாரே, அதுபோலக் கலத்தையே மெதுவாகத் திருப்பிக்கொண்டு படமெடுக்கும்படி வழியில் போய்க்கொண்டிருந்த வாயேஜருக்குப் புதிய ஆணைகள் அனுப்பினார்கள். கேமராவைத் தாங்கும் மேடை 1981-ல் சனிக்கருகே சிக்கிக்கொண்டு படுத்தியிருந்ததால் அதை நோகாமல் திருப்பவும் கற்றுக்கொண்டார்கள்.

எடுத்த படத்தை அனுப்புவது அடுத்த பாடு. ஒரு படத்துக்கு 800 வரிசை, வரிசைக்கு 800 புள்ளி, மொத்தம் 6,40,000 புள்ளிகள். யுரேனஸிலிருந்து சமிக்ஞை வர 2 மணி 45 நிமிடம். வியாழனிலிருந்து அனுப்பிய வேகத்தில் அங்கிருந்து அனுப்ப முடியாது. தூரம் கூடக்கூட சமிக்ஞை மெலியும், மெலிந்த சமிக்ஞையில் அவசரப்பட்டால் எழுத்து அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் முழுசாகச் சொல்லாமல், பக்கத்துப் புள்ளியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் சொல்ல கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி பழைய பாக்கியைத் திரும்ப எழுதாமல் இன்றைய வரவு செலவை மட்டும் குறிக்கிற மாதிரி. பூமியில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ், கான்பெரா ஆன்டெனாக்களை ஒன்றோடொன்று இணைத்துக் காது கொடுத்தார்கள்.

படங்கள் வந்தன. ஒன்பது வளையங்களும் கணக்கில் இருந்த இடத்திலேயே இருந்தன. புதிதாக இரண்டு கிடைத்தன. எல்லாவற்றையும்விடப் பெரியது எப்சிலான். அதன் அகலம் ஓரிடத்தில் 20 கிலோ மீட்டர், இன்னோர் இடத்தில் 96. காவலூர்ப் பதிவில் சில வினாடிகள் இருட்டு விழுந்ததே, அந்த அளவுக்கு மறைக்கக்கூடிய அகலம் இதற்குத்தான் உண்டு. அதன் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்றாக இரண்டு குட்டி நிலாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிற்பாடு கார்டீலியா, ஒஃபீலியா என்று பெயர் வைத்தார்கள். ஆட்டு மந்தையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நடந்தால் மந்தை சிதறாமல் போகும் அல்லவா? வளையத்தின் துண்டுகள் சிதறாமலிருக்க அந்த இரண்டும்தான் காவல். வாயேஜர் அன்று கண்டுபிடித்த நிலாக்கள் மொத்தம் பத்து. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பட்டாச்சார்யா அப்போது இந்திய வான் இயற்பியல் கழகத்தின் இயக்குநராக, பாப்புவின் நாற்காலியில் இருந்தார்.

கடந்துபோன பிறகு வாயேஜர் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. சூரியன் வளையங்களுக்குப் பின்னால் இருக்க, 96 வினாடி திறந்துவைத்து ஒரே ஒரு படம். முன்னாலிருந்து பார்த்தபோது ஒன்றுமில்லாத இடைவெளிகளில் எல்லாம் தூசிப் பட்டைகள் பளபளத்தன. ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும்போது, அதுவரை இல்லாத தூசி எங்கிருந்தோ வந்து மிதக்கும். தூசியைப் பார்க்க வெளிச்சத்துக்கு எதிரே நிற்க வேண்டும். இந்தத் தூசிப் பட்டைகளைக் காட்டி, பாப்பு சொன்ன அகன்ற அமைப்பு நிரூபணமாகிவிட்டது என்று கொண்டாட ஆசையாகத்தான் இருக்கும். அது சரியாகாது. அத்தனை மெல்லிய தூசி காவலூர்ப் பதிவில் தெரிந்திருக்கும் என்று சொல்வது கஷ்டம். சைன்ஸ் சாரிடம் ஒரு முன்னாள் மாணவர் இப்படி வாதாடியபோது, "இன்னொரு தடவை நான் மாட்டமாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாராம்.

அவருக்கு உண்மையான ஆறுதல் வேறிடத்தில் கிடைத்தது. அத்தனை கேமராக்களைச் சுமந்துபோன வாயேஜரும், வளையங்களின் நுணுக்கம் வேண்டும் என்றபோது காவலூர்க்காரர்களின் வழியையே பிடித்தது. கேமரா எட்டாத மெல்லிய விவரங்களை அறிய, கலத்திலிருந்த ஒளி அளவுமானி ஒரு நட்சத்திரத்தை வளையங்களினூடே பார்த்து, அது எங்கெல்லாம் மங்குகிறது என்று எண்ணியது. 1981-ல் சனியில் அப்படிப் பார்த்த நட்சத்திரம் விருச்சிகத்தில் இருக்கிறது. நம் கணக்கில் அனுஷத்தைச் சேர்ந்தது. அனுஷத்துக்கு அதிபதி சனி என்று பஞ்சாங்கம் சொல்லும். நாசாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. 1986-ல் யுரேனஸில் பார்த்த இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று தனுசு ராசியில், உத்திராடத்தைச் சேர்ந்தது. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி கலமும் கண்ணைப் பறிக்கும் வண்ணப் படங்களை அனுப்பிக்கொண்டே, மறுபக்கம் இந்த நட்சத்திரச் சிமிட்டல்களையும் எண்ணிக்கொண்டிருந்தது. படத்தை உலகம் பார்த்தது. எண்ணிக்கையை விஞ்ஞானிகள் பார்த்தார்கள்.

மறைப்பதன் மூலமே தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒன்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ராகு கேது பரிகாரத்துக்குப் பெயர் பெற்ற ஸ்ரீகாளஹஸ்தி இருப்பது பக்கத்தில், 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்தில். அதே மாவட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவும் வருகிறது. அங்கிருந்து புறப்பட்ட இந்தியக் கலங்கள் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் போயிருக்கின்றன. வளையமுள்ள கிரகம் எதற்கும் இன்னும் போகவில்லை.

யுரேனஸுக்கு வாயேஜருக்குப் பிறகு யாருமே போகவில்லை என்பதுதான் உண்மை. 2003-லிருந்து 2005-க்குள் ஹப்பிள் தொலைநோக்கி வெளியே இன்னும் இரண்டு வளையங்களைக் காட்டியதில் எண்ணிக்கை 13 ஆயிற்று. 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில் பதினொன்றை எண்ண முடிகிறது. அந்தப் படத்தை ராமகுப்பத்தில் பேத்தியின் செல்போனில் பார்த்தார் சைன்ஸ் சார். கோலமாவில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி, வெள்ளை வெளேர் என்று. நிஜத்தில் கரியாக இருப்பது அகச்சிவப்புக் கண்ணுக்கு இப்படி ஒளிர்கிறது என்று பேத்திக்கு விளக்க முயன்றார். அவள் அதற்குள் வேறு படத்துக்குத் தள்ளிவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை அவர் காவலூருக்கே போனார். குப்பத்தில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, வாணியம்பாடி, ஆலங்காயம் என்று பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. கைநீட்டிக் காட்டிய மலைக்குப் போய்ச்சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று மேகம். ஒரு மீட்டர் தொலைநோக்கியின் கூண்டை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குப்புசாமி என்ற பெயரை அங்கே யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று நினைத்துப் போனவர், கடைசி பஸ் போய்விடும் என்ற பயத்தில் கேட்காமலே திரும்பிவிட்டார். வானியல் புத்தகங்களில் அந்தப் பெயர் வரும் இடம் மிகக் குறைவு. 1977 மார்ச் இரவைப் பற்றிய பட்டியல்களில், காவலூர் என்ற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது பெயராக வரும்.

நட்சத்திரச் சிமிட்டலை எண்ணும் வேலை ஓய்ந்துவிடவில்லை. 2013-ல் சாரிக்லோ என்ற சின்னஞ்சிறு கோளுக்கு வளையம் இருப்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 2023-ல் குவாவார். இரண்டையும் எந்தக் கலமும் நெருங்கியதில்லை. 2025 ஏப்ரலில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பல தொலைநோக்கிகள் காத்திருந்தன. அதற்கு ஒத்திகையாக 2024 நவம்பரில் ஆசியாவில் மட்டும் தெரிந்த மங்கலான மறைப்பு ஒன்றை ஜப்பான், தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பதிவு செய்தார்கள். அடுத்த பெரிய மறைப்பு 2031 நவம்பரில்.

வினாடி வினாவில் தோற்ற பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறார். நாற்பதைத் தாண்டிவிட்டார். பொங்கலுக்கு போன் செய்வார். யுரேனஸைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. 2031 விவரத்தை மட்டும் அவர்தான் எங்கேயோ படித்துவிட்டு சாருக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரி: "சார், இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்க."

சைன்ஸ் சார் அதைப் பாலுக்கும் கேஸுக்கும் கணக்கு எழுதும் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் காட்டோரத்து நிலங்கள் தெரியும். ராகி கதிர் விட்டிருக்கிறது. மோட்டார் கொட்டகை பல்பு எரிந்துகொண்டிருக்கிறது.